மொன்செராட் தேசியக் கால்பந்து அணி

மொன்செராட் தேசியக் கால்பந்து அணி, கரீபியக் கடலில் பிரிட்டனின் ஆட்சிப்பகுதியாக உள்ள மொன்செராட் தீவின் சார்பில் சர்வதேசக் கால்பந்துப் போட்டிகளில் ஆடும் ஆடவர் அணி. மொன்செராட் கால்பந்துச் சங்கம் இதை நடத்துகிறது. சுமார் 5,000 பேர் மட்டுமே வாழும் இத்தீவு, ஃபிஃபா உறுப்பு நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் மக்கள்தொகையில் மிகச் சிறியது. 2002இல் உலகத் தரவரிசையின் கடைசி இடத்தில் இருந்த இந்த அணி, 2022 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. இடைப்பட்ட ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் தீவின் மக்கள்தொகை கூடவில்லை. தீவைவிட்டு வெளியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அணிக்கு வந்து சேர்ந்ததே இந்த மாற்றத்துக்கு முதன்மைக் காரணம்.

தீவும் விளையாட்டும்

மொன்செராட்டின் பரப்பு சுமார் 102 சதுர கிலோமீட்டர். ஆன்டிகுவாவுக்குத் தென்மேற்கே லீவார்டு தீவுக்கூட்டத்தில் இது அமைந்துள்ளது. 17ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய ஐரோப்பியரில் அயர்லாந்துக்காரர்கள் மிகுதி. அதனால் 'கரீபியத்தின் மரகதத் தீவு' என்ற பெயர் இதற்கு உண்டு. அணி பச்சை நிறச் சட்டை அணிவதும், ரசிகர்கள் அதை 'எமரால்டு பாய்ஸ்' என்று அழைப்பதும் அந்தப் பெயரை ஒட்டியே. மக்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். மார்ச் 17 இங்கே பொது விடுமுறை. அது அயர்லாந்தின் புனித பேட்ரிக் நாள். 1768இல் இத்தீவின் அடிமைகள் திட்டமிட்ட கிளர்ச்சியின் நினைவு நாளும் அதுவே.

நீண்ட காலம் தீவின் முதன்மை விளையாட்டு கிரிக்கெட்தான். ஆஸ்திரேலியத் தொழிலதிபர் கெர்ரி பேக்கர் நடத்திய உலகத் தொடர் கிரிக்கெட்டில் மேற்கிந்தியருக்காக ஆடிய ஜிம் ஆலன் இத்தீவைச் சேர்ந்தவர். 2008இல் மேற்கிந்தியத் தீவுகள் அணிக்காக டெஸ்ட் ஆடிய முதல் மொன்செராட்காரரான லயனல் பேக்கரும் அப்படியே. கால்பந்து இரண்டாமிடத்தில் இருந்தது. தலைநகர் பிளிமத்தின் ஸ்டர்ஜ் பார்க் மைதானமே இரண்டுக்கும் பொதுவான களம். உள்ளூர்ப் போட்டிகளில் காவல்துறை அணி வலுவானதாக விளங்கியது.

தொடக்க ஆண்டுகள்

அணியின் முதல் சர்வதேச ஆட்டம் 1991 மே மாதம் செயின்ட் லூசியாவுக்கு எதிராக நடந்தது. மொன்செராட் 0–3 என்று தோற்றது. முதல் வெற்றி 1995இல், கரீபியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் கிடைத்தது. தன்னைப் போலவே சின்னஞ்சிறு தீவான அங்குவில்லாவை 3–2, 1–0 என்று இரு ஆட்டங்களிலும் வென்று அடுத்த கட்டத்துக்குச் சென்றது. அங்கே செயின்ட் வின்சென்ட் அணியிடம் 0–9, 0–11 என்று நொறுங்கியது.

எரிமலையும் இடப்பெயர்வும்

1989 செப்டம்பரில் தாக்கிய ஹியூகோ புயலிலிருந்து தீவு மீண்டுவந்த நேரத்தில், 1995 ஜூலை 18 அன்று தெற்கிலுள்ள சூஃப்ரியேர் ஹில்ஸ் எரிமலை வெடிக்கத் தொடங்கியது. 1996 ஏப்ரலில் பிளிமத் நகரம் நிரந்தரமாகக் காலிசெய்யப்பட்டது. 1997 ஜூன் 25 அன்று கொதிக்கும் சாம்பலும் வாயுவும் பாறைத்துகளும் கலந்த பெருக்கு மலையிலிருந்து பாய்ந்ததில் 19 பேர் இறந்தனர்; அதே ஆண்டில் விமான நிலையமும் அழிந்தது. ஸ்டர்ஜ் பார்க் உட்பட பிளிமத் நகரமே சாம்பலுக்குள் புதைந்தது. தீவின் தென்பாதி மக்கள் நுழையக்கூடாத பகுதியாக அறிவிக்கப்பட்டது.

எரிமலைக்கு முன் பதினோராயிரத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வெளியேறினர். சிலர் ஆன்டிகுவா போன்ற அண்டைத் தீவுகளுக்கும், ஏராளமானோர் பிரிட்டனுக்கும் சென்றனர். 2011 கணக்கெடுப்பில் தீவில் இருந்தவர்கள் 4,922 பேர்.

ஃபிஃபாவில் மொன்செராட் சேர்ந்தது 1996இல், இந்த அழிவின் நடுவில். உறுப்புரிமை கையில் இருந்தும் ஆட மைதானம் இல்லை. ஆட்களும் ஊரில் இல்லை. 1996 முதல் 1999 வரை உள்நாட்டு லீக் நடக்கவில்லை. 2000 மார்ச்சில் அணி முதன்முறையாக உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஆடியபோது, டொமினிக்கன் குடியரசுக்கு எதிரான தன் 'சொந்த மண்' ஆட்டத்தை டிரினிடாடில் ஆட வேண்டியிருந்தது. ஃபிஃபாவின் நிதியுதவியோடு தீவின் வடபகுதியில் பிளேக்ஸ் எஸ்டேட் மைதானம் பின்னர் உருவானது. சுமார் ஆயிரம் பேர் அமர்ந்து பார்க்கக்கூடிய எளிய களம் அது.

திம்புவில் 'இன்னொரு இறுதிப் போட்டி'

இந்த அணியை உலகம் அறியச் செய்தது ஒரு தோல்வி. 2002 உலகக் கோப்பைக்கு நெதர்லாந்து தகுதி பெறவில்லை. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த கெசல்ஸ்கிராமர் விளம்பர நிறுவனத்தாருக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது: உலகின் முதல் இரு அணிகள் மோதும் அதே நாளில், கடைசி இரு அணிகளை மோதவிட்டால் என்ன? தரவரிசையில் 202ஆம் இடத்தில் பூட்டானும் 203ஆம் இடத்தில் மொன்செராட்டும் இருந்தன. இரண்டு சங்கங்களும் இசைந்தன.

2002 ஜூன் 30 அன்று யோகோஹாமாவில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பிரேசிலும் ஜெர்மனியும் மோதின. அதற்குச் சில மணி நேரம் முன்பு பூட்டான் தலைநகர் திம்புவின் சாங்லிமிதாங் மைதானத்தில் இந்த ஆட்டம் நடந்தது. இங்கிலாந்தின் ஸ்டீவ் பென்னட் நடுவராக இருந்தார். மொன்செராட் வீரர்கள் விமானம் மாறி மாறிப் பல நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தவர்கள். வழியில் நோய்வாய்ப்பட்டவர்களும் உண்டு. கடலோரத்தில் வாழ்ந்து பழகியவர்கள், 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் மூச்சுவாங்க ஓட வேண்டியிருந்தது. பூட்டான் 4–0 என்று வென்றது. வாங்காய் டோர்ஜி ஹாட்ரிக் அடித்தார். தினேஷ் சேத்ரி ஒரு கோல் போட்டார். சர்வதேச ஆட்டத்தில் பூட்டானின் முதல் வெற்றி அதுவே. கோப்பையை இரண்டாகப் பிரித்து இரு அணிகளும் பகிர்ந்துகொண்டன.

யோஹான் கிராமர் இயக்கிய 'தி அதர் ஃபைனல்' என்ற ஆவணப்படம் 2003இல் வெளியாகி இந்த ஆட்டத்தைப் பல நாடுகளுக்கும் கொண்டுசென்றது. மொன்செராட் அணிக்குப் புகழ் கிடைத்தது. ஆனால் 'உலகின் மிக மோசமான அணி' என்ற அடைமொழியும் அதோடு ஒட்டிக்கொண்டது.

தோல்விகளின் காலம் (2004–2011)

2006 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் பெர்முடாவை எதிர்கொண்ட மொன்செராட், 2004 பிப்ரவரி 29 அன்று ஹாமில்டனில் 0–13 என்று தோற்றது. அணியின் வரலாற்றில் மிகப்பெரிய தோல்வி இது. பிளேக்ஸ் எஸ்டேட்டில் நடந்த மறு ஆட்டத்தில் 0–7. அந்த ஆண்டில் நியூகாசில், டாட்டன்ஹம் அணிகளின் முன்னாள் ஆட்டக்காரரான ரூயல் ஃபாக்ஸ் அணியோடு இணைந்தார். பிரிட்டனில் பிறந்து தொழில்முறைக் கால்பந்தில் பெயர் பெற்ற ஒருவர் மூதாதையரின் தீவுக்காக வந்தது, பின்னால் வரவிருந்த வழிக்கு ஒரு தொடக்கம்.

அதன்பின் அணி ஆண்டுக்கணக்கில் ஆட்டமே இல்லாமல் கிடந்தது. அக்காலத் தகுதிச்சுற்று முறை அதற்கு ஒரு முக்கியக் காரணம். சிறிய அணிகள் ஓரிரு ஆட்டங்களில் தோற்றதும் வெளியேறிவிடும். அடுத்த வாய்ப்புக்கு நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். நட்புமுறை ஆட்டங்களுக்குப் பறக்கப் பணம் இல்லை. 2005 முதல் 2015 வரை உள்நாட்டு லீக்கும் நடக்கவில்லை. 2008இல் சூரினாமிடம் 1–7 என்ற தோல்வியும், 2010 கரீபியக் கோப்பையில் செயின்ட் கிட்ஸ், செயின்ட் வின்சென்ட், பார்படோஸ் மூன்றிடமும் அடுத்தடுத்த தோல்விகளும் இந்தக் காலத்தவை. புள்ளி ஏதும் இல்லாமல் தரவரிசையின் அடியில் அணி மீண்டும் நின்றது.

புலம்பெயர்ந்தோரின் அணி

திருப்பம் 2012 அக்டோபர் 14 அன்று வந்தது. மார்டினிக்கில் நடந்த கரீபியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளை மொன்செராட் 7–0 என்று வென்றது. 17 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த வெற்றி அது. இன்றுவரை அணியின் மிகப்பெரிய வெற்றியும் அதுவே.

இதற்குள் அணியின் ஆள்சேர்ப்பு மாறியிருந்தது. மொன்செராட்காரர்கள் பிரிட்டனுக்குக் குடிபெயர்வது எரிமலைக்கு முன்பே, 1950களிலும் 1960களிலும் பெருமளவில் நடந்தது. அவர்களின் அடுத்த தலைமுறைகளில் பலர் லண்டனிலும் பிற நகரங்களிலும் கால்பந்துப் பயிற்சிக் கூடங்களில் வளர்ந்தவர்கள். 1990களின் அலை அந்தத் தொகையைக் கூட்டியது. ஃபிஃபா விதிப்படி, பிரிட்டிஷ் குடியுரிமை உள்ள ஒருவர் மொன்செராட்டுக்கு ஆட வேண்டுமென்றால் அவரோ, பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது அவர் குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்குகளில் ஆடும் வீரர்களை இந்த விதியின் வழியே தேடிச் சேர்ப்பது அணியின் நடைமுறையாயிற்று.

2015 மார்ச்சில் அதன் பலன் வெளிப்பட்டது. கென்னி டயர் பயிற்றுவித்த அணி, பாட்ரிக் க்ளைவர்ட் பயிற்சியாளராக இருந்த குராசாவோவிடம் வெளியூரில் 1–2 என்று தோற்றாலும், பிளேக்ஸ் எஸ்டேட்டில் 2–2 என்று சமன்செய்தது. ஒரே ஒரு கோல் குறைவால்தான் வெளியேறியது. அந்தத் தொடரில் அறிமுகமான முன்கள வீரர் லைல் டெய்லர், ஏஎஃப்சி விம்பிள்டன், சார்ல்டன், நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் அணிகளில் ஆடியவர். மொன்செராட்டுக்காக அதிக கோல் அடித்தவரும் அவரே. நடுக்கள வீரர் பிராண்டன் காம்லி போன்றோர் அணியின் முதுகெலும்பாயினர்.

நேஷன்ஸ் லீக் காலம்

வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கால்பந்துக் கூட்டமைப்பான கான்ககாஃப் 2018இல் தொடங்கிய நேஷன்ஸ் லீக், மொன்செராட் போன்ற அணிகளுக்கு ஆண்டுதோறும் ஆட்டங்களை உறுதிசெய்தது. மான்செஸ்டர் சிட்டி, ஸ்காட்லாந்து அணிகளின் முன்னாள் தடுப்பாட்டக்காரர் வில்லி டொனாக்கி அந்த ஆண்டு பயிற்சியாளரானார். எல் சால்வடோரிடம் 1–2 என்று தோற்றுத் தொடங்கிய அணி, பெலீஸை 1–0, அருபாவை 2–0, கேமன் தீவுகளை 2–1 என்று தொடர்ந்து வென்றது. 34 அணிகள் போட்டியிட்ட அந்தச் சுற்றில் 10 அணிகளுக்கு கான்ககாஃபின் 2019 தங்கக் கோப்பைப் போட்டியில் இடம் இருந்தது. மொன்செராட்டும் எல் சால்வடோரும் சமமாக 9 புள்ளிகள் பெற்றன. கோல் வித்தியாசத்தில் எல் சால்வடோர் முன்னே சென்றது, மொன்செராட் வாய்ப்பிழந்தது.

அடுத்த நேஷன்ஸ் லீக்கில் இரண்டாம் பிரிவில் ஆடிய அணி, டொமினிக்கன் குடியரசைத் தன் மண்ணில் 2–1 என்று வென்று குழுவில் இரண்டாமிடம் பிடித்தது. அதன் பயனாக 2021 தங்கக் கோப்பைக்கான முன்சுற்றில் ஆடி, டிரினிடாட் டொபாகோவிடம் 1–6 என்று தோற்றது.

2022 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று 2021இல் நடந்தது. ஆன்டிகுவா பார்புடாவுடன் 2–2, எல் சால்வடோருடன் 1–1 என்று சமன். அமெரிக்க வர்ஜின் தீவுகளை 4–0, கிரெனடாவை 2–1 என்று வெற்றி. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் அணி பெற்ற முதல் வெற்றிகள் இவை. குழுவில் முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே அடுத்த சுற்று என்பதால், 10 புள்ளி எடுத்த எல் சால்வடோர் முன்னேற, 8 புள்ளி எடுத்த மொன்செராட் தோல்வி காணாமலே வெளியேறியது. 2023இல் முன்னாள் இங்கிலாந்து வீரர் லீ போயர் பயிற்சியாளரானார். 2026 தகுதிச்சுற்றில் பனாமா, நிகராகுவா, கயானா, பெலீஸ் ஆகியவற்றோடு ஒரே குழுவில் ஆடிய அணி முன்னேறவில்லை.

உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுகள்: சுருக்கம்

- 2002: டொமினிக்கன் குடியரசிடம் இரு ஆட்டங்களில் மொத்தம் 1–6
- 2006: பெர்முடாவிடம் மொத்தம் 0–20
- 2010: சூரினாமிடம் 1–7 (ஒரே ஆட்டம்)
- 2014: பெலீஸிடம் மொத்தம் 3–8
- 2018: குராசாவோவிடம் மொத்தம் 3–4
- 2022: குழுவில் இரண்டாமிடம், 2 வெற்றி, 2 சமன்
- 2026: குழுநிலையில் வெளியேற்றம்

இன்றைய நிலை

மைதான வசதிக் குறைவு இன்னும் தீரவில்லை. 2021 தகுதிச்சுற்றில் மொன்செராட்டின் 'சொந்த' ஆட்டங்கள் தீவுக்கு வெளியே நடந்தன. 2005இல் வடக்கே திறக்கப்பட்ட புதிய விமான நிலையத்தில் சிறு விமானங்களே இறங்க முடியும் என்பதால், எதிரணிகள் வந்து செல்வதும் எளிதல்ல. வீரர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து வருபவர்கள். ஒன்றாகப் பயிற்சி பெறக் கிடைப்பது ஆட்டத்துக்கு முந்தைய சில நாள்களே.

அணியின் நீண்டகாலக் கேள்வி ஆள்சேர்ப்பு பற்றியது. வம்சாவளித் தகுதி பேரப்பிள்ளைகளோடு முடிந்துவிடுகிறது. 1950களில் கப்பலேறியவர்களின் கொள்ளுப்பேரர்களுக்கு அவர்கள் வழியாக இந்தச் சட்டையை அணியும் உரிமை கிடைக்காது. எரிமலைக் காலத்தில் தீவில் பிறந்து பிரிட்டனுக்குப் போன குழந்தைகளின் பேரப்பிள்ளைகள் வரை இந்த வழி திறந்திருக்கும். அதற்குப்பின் அணிக்குத் தேவையான வீரர்களைத் தீவின் வடபாதியில் வளரும் சிறுவர்களிடமிருந்தே கண்டெடுக்க வேண்டியிருக்கும். 2016இல் உள்நாட்டு லீக் மீண்டும் தொடங்கப்பட்டது அந்த வகையில் முக்கியமானது.