கிச்சடி (அரிசி-பருப்பு உணவு)

கிச்சடி என்பது அரிசியையும் பருப்பையும் ஒரே பாத்திரத்தில் குழைய வேகவைத்துச் செய்யப்படும் ஓர் இந்திய உணவாகும். வட இந்தியா, குஜராத், மகாராஷ்டிரா, வங்காளம் ஆகிய பகுதிகளில் இது அன்றாட வீட்டு உணவு. நோயுற்றோருக்கும், முதியோருக்கும், திட உணவு பழகும் குழந்தைகளுக்கும் அங்கு முதலில் நினைவுக்கு வருவதும் இதுவே. இந்தியில் கிச்சிடி என்றும் வங்காள மொழியில் கிச்சுரி என்றும் வழங்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் கிச்சடி என்றால் ரவை அல்லது சேமியாவைக் காய்கறிகளுடன் கிளறிச் செய்யும் சிற்றுண்டியையே குறிக்கும். கேரளத்தில் அது தயிர் சேர்த்த ஒரு பச்சடி வகை. இவ்விரண்டும் இக்கட்டுரையின் பொருளல்ல. சேர்மானங்களை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டின் வெண்பொங்கலே இதற்கு மிக நெருங்கிய உணவாகும்.

வரலாறு

14ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, பாசிப்பயறை அரிசியுடன் சமைத்து நெய் சேர்த்து மக்கள் நாள்தோறும் காலையில் உண்டதைக் குறித்துள்ளார். 15ஆம் நூற்றாண்டில் தக்காணத்தில் பயணம் செய்த உருசிய வணிகர் அபனாசி நிகித்தின் குறிப்பிடுவது வேறு வகையான உண்பவரை: அங்கு குதிரைகளுக்கும் கிச்சடி சமைத்துக் கொடுக்கப்பட்டது. முகலாயப் பேரரசர் ஜகாங்கீர் குஜராத்தில் இருந்தபோது கம்பும் பயறும் சேர்ந்த கிச்சடியை விரும்பி உண்டு, தாம் இறைச்சி தவிர்க்கும் நாட்களில் அதைப் பரிமாறும்படி பணித்ததாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

பருப்பின் அளவு

கிச்சடிக்கு ஒரே செய்முறை என்று எதுவும் இல்லை. அரிசிக்கு எவ்வளவு பருப்பு, இரண்டுக்கும் எவ்வளவு நீர் என்பதைப் பொறுத்தே அதன் தன்மை அமைகிறது. அக்பரின் அரண்மனைச் சமையலைப் பதிவு செய்த அபுல் பசலின் ஐன்-இ-அக்பரி, அரிசி, உடைத்த பருப்பு, நெய் மூன்றையும் தலா 5 சேர் என்று சம அளவில் தருகிறது. இது வீட்டு உணவன்று, விருந்து. வீடுகளில் பொதுவாக இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு சேர்க்கப்படுகிறது. நெய் கரண்டிக் கணக்கில்தான்.

இந்த அளவு சுவையை மட்டும் சார்ந்ததன்று. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு; பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் உள்ளது. ஆகவே இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. பருப்பு குறையக் குறைய இப்பயன் தேய்ந்து, எஞ்சுவது பெரும்பாலும் மாவுச்சத்தே.

1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் இது மிகக் கொடிய வடிவில் வெளிப்பட்டது. கல்கத்தாவிலும் மாவட்டங்களிலும் திறக்கப்பட்ட கஞ்சித்தொட்டிகளில் வழங்கப்பட்டதும் கிச்சுரி என்றே அழைக்கப்பட்டது. ஆனால் அது கிடைத்த தானியத்தையும் சிறிது பருப்பையும் மிகுந்த நீரில் கொதிக்கவைத்த நீர்த்த கூழாகவே இருந்தது. நெடுநாள் பட்டினி கிடந்தவர்களை மீட்க அது போதவில்லை. அப்பஞ்சத்தில் 30 இலட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

இந்தியப் பள்ளி மதிய உணவுத் திட்டத்தின் விதிகள் தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியமும் 20 கிராம் பருப்பும் என வரையறுத்துள்ளன. இது ஐந்துக்கு ஒன்று என்னும் விகிதம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமை, சிறுதானியங்களுக்கே உரிமை அளிக்கிறது. பருப்பு அதில் இடம்பெறவில்லை. தமிழ்நாடு போன்ற சில மாநிலங்கள் தம் செலவில் பருப்பு வழங்குகின்றன. மற்ற இடங்களில் ஏழைக் குடும்பங்கள் பருப்பைச் சந்தை விலைக்கே வாங்க வேண்டும். 2015ஆம் ஆண்டு இறுதியில் துவரம்பருப்பின் விலை சில நகரங்களில் கிலோ 200 ரூபாயை எட்டியது.

வீட்டில் செய்யும் முறை

தோல் நீக்கிய பாசிப்பருப்பே எளிது. ஊறவைக்கத் தேவையில்லை, விரைவில் குழையும். வங்காளத்தில் பருப்பை முதலில் வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுப்பர். துர்க்கை பூசையின்போது படைக்கப்படும் கிச்சுரியின் தனி மணத்துக்கு இதுவே காரணம்.

நான்கு பேருக்கு ஒரு குவளை பச்சரிசி, அரைக் குவளை பருப்பு, ஆறு குவளை நீர் போதும். குக்கரில் நெய்யைச் சூடாக்கிச் சீரகம், பெருங்காயம், நறுக்கிய இஞ்சி ஆகியவற்றைத் தாளித்து, கழுவிய அரிசியையும் பருப்பையும் சிறிது வதக்கியபின் மஞ்சள்தூள், உப்பு, நீர் சேர்த்து நான்கு விசில் வரை வேகவிட வேண்டும். பருப்பு நுரைத்துப் பொங்கும் இயல்புடையது. நுரை ஆவித் துளையை அடைக்கக்கூடுமாதலால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பலாகாது. இறக்கிய சற்று நேரத்திலேயே கிச்சடி இறுகிவிடும். அப்போது குளிர்ந்த நீரை ஊற்றினால் நீர் தனியே நிற்கும். கொதிநீர் சேர்த்துக் கிளறுவதே முறை.

தயிர், அப்பளம், நெய், ஊறுகாய் நான்கும் கிச்சடியின் தோழர்கள் என்று இந்தியில் ஒரு வழக்கு உண்டு. குஜராத்தில் மோர்க்குழம்பை ஒத்த கடியும், வங்காளத்தில் மழைநாட்களில் பொரித்த மீனும் உடன் உண்ணப்படுகின்றன.

நோயாளிகளுக்கு

வயிற்றுப்போக்கு உள்ளவருக்கு உணவை நிறுத்தாமல் நீர்த்த கிச்சடி கொடுக்கலாம். ஆனால் அது உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கு மாற்றாகாது, இரண்டும் தேவை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உப்பும் மிளகாயும் இன்றி மசித்துத் தரவேண்டும். வெந்த அரிசியை அறை வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால் பேசில்லசு சீரியசு என்னும் பாக்டீரியா பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாதாகையால், காலையில் செய்ததை வெளியே வைத்திருந்து இரவில் நோயாளிக்குக் கொடுப்பது ஏற்றதன்று.

பிற செய்திகள்

உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில் மகர சங்கராந்திப் பண்டிகையே கிச்சடி என்றுதான் அழைக்கப்படுகிறது. அன்று கோரக்பூரிலுள்ள கோரக்நாதர் கோயிலில் அரிசியும் பருப்பும் காணிக்கையாகச் செலுத்தப்படுகின்றன. 2017 நவம்பரில் தில்லியில் சமையற்கலைஞர் சஞ்சீவ் கபூர் தலைமையில் 918 கிலோ கிச்சடி ஒரே பாத்திரத்தில் சமைக்கப்பட்டுக் கின்னஸ் பதிவு பெற்றது. அதையொட்டி இது தேசிய உணவாக அறிவிக்கப்படும் என்று பரவிய செய்தியை அரசு மறுத்தது. ஆங்கிலேயர் இவ்வுணவைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்று கெட்ஜெரி என்று பெயரிட்டனர். அதில் பருப்பு கைவிடப்பட்டு, புகையூட்டிய மீனும் அவித்த முட்டையும் சேர்க்கப்படுகின்றன.