நிலமும் மொழியும்: நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தமிழுணர்வு

ஒரு மக்களினம் தன் அரசை இழந்த பின்னும் மொழியைக்கொண்டு தன்னை நிலைநிறுத்திக்கொள்ளக் கூடும் என்பதற்கு வேல்ஸ் நாடு சான்றாகும். 1536-இல் அந்நாடு இங்கிலாந்தின் சட்டத்திற்குள் அடக்கப்பட்டது. ஆங்கிலமே வழக்குமன்ற மொழியாயிற்று. எனினும், 1588-இல் வேல்ஸ் மொழியில் வெளிவந்த விவிலியமும், பின்னாளில் எழுந்த ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளும் எளிய மக்களிடையே மொழியைக் காத்தன. 1925-இல் தேசியக் கட்சி தோன்றிற்று. 1967-இல் மொழிச் சட்டமும், 1999-இல் தனி மன்றமும் கிடைத்தன. இவ்வளர்ச்சிக்கெல்லாம் அம்மக்களின் சொந்த மண் அடித்தளமாய் இருந்தது.

மலாயாத் தோட்டத் தமிழர்க்கு அத்தகைய மண் இல்லை. ரந்தாவ், லாபு, பாகாவ் முதலிய நெகிரி செம்பிலான் வட்டாரங்களில் பால்மரம் சீவியோர்க்கு லயமும் கோயிலும் பள்ளியும் தோட்ட முதலாளியின் நிலத்திலேயே அமைந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்டம் பள்ளி நடத்தவேண்டுமென 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர். ஆயினும், அரிச்சுவடி கற்ற அத்தலைமுறையே பின்னர்ச் செய்தித்தாள் படிக்கலாயிற்று.

1929-இல் பெரியார் மலாயாவுக்கு வந்தார். சாதி வேற்றுமைக்கும் மூடவழக்கங்களுக்கும் எதிரான சீர்திருத்தக் குரல் வலுத்தது. 1935-இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கினார். போர்க்காலத்தில் தோட்ட இளைஞர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்த செய்தி நேதாஜிக்கு எட்டியபோது அவர் சிரம்பானில் இருந்தார். போருக்குப் பின், அம்மாநிலத்தில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி. பி. நாராயணன் முதலியோர் முயற்சியால், பல சங்கங்கள் இணைந்து 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. கூலியென இழித்துரைக்கப்பட்டவர் தொழிலாளரெனத் தலைநிமிர்ந்தனர். பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெற எழுந்த ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்கும் எளிய உழைப்பாளிகள் தம் வருவாயிலிருந்து ஈந்தனர்.

ஆனால், விடுதலைக்கு முன்னும் பின்னும் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது அடிப்படைக் குறை வெளிப்பட்டது. நிலம் கைமாறினால் வேலையும் வீடும் மட்டுமன்றிப் பள்ளியும் ஆட்டங்காணும். இதனை உணர்ந்தே வீ. தி. சம்பந்தன் முதலியோர் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. எனினும், அது எல்லாத் தோட்டங்களையும் காத்துவிடவில்லை.

இன்று இம்மாநிலத்தில் ‘லாடாங்’ என்ற சொல்லைப் பெயரில் தாங்கும் தமிழ்ப்பள்ளிகள் பல. அவற்றுள் சிலவற்றின் அருகே தோட்டமோ லயமோ இல்லை. தோட்டத்தின் நிழலில் பிறந்த பள்ளி தோட்டம் மறைந்த பின்னும் நிற்கிறது. வேல்ஸ் மக்களுக்கு மண் மொழியைத் தாங்கியது. இங்கோ பள்ளியே மொழிக்கு மண்ணாயிற்று. ஆதலின் ஒரு பள்ளியின் மாணவர் எண்ணிக்கை குறைவதைக் கணக்குப் புத்தகச் செய்தியாக மட்டும் கருதுதல் தகாது. அது ஓர் இனத்தின் காலடி நிலம் குறைவதேயாகும்.