ஆஸ்பத்திரியைக் கணக்குக் கேட்டவர்கள்

மலாய் நாட்டுத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் ரப்பர் மரத்தையும் கங்காணியையும் கள்ளுக்கடையையும் பற்றி நிரம்பச் சொல்வர். ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்வோர் மிகச் சிலரே. ஆனால் கப்பலேறிச் சென்ற ஏழைத் தமிழன் அங்கே பிழைத்தானா, மாண்டானா என்பதைப் பல வேளைகளில் முடிவு செய்தது அந்த ஆஸ்பத்திரியே. அதை நடத்தினவர் யார்? அது ஒழுங்காய் நடக்கிறதா என்று பார்த்தவர் யார்? அங்கே படுத்துக் கிடந்தவனை எவரேனும் ஒரு வார்த்தை கேட்டதுண்டா? இக்கேள்விகளோடு கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய ஏடுகளைச் சிறிது புரட்டிப் பார்ப்போம்.

1901-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் டாக்டர் மால்கம் வாட்ஸன் என்பார் கிள்ளானுக்கு ஜில்லா வைத்தியராக வந்து சேர்ந்தார். ஊர் முழுவதும் மலேரியாக் காய்ச்சலில் கிடந்தது. அவ்வாண்டிலேயே திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, அதாவது இன்று போர்ட் கிள்ளான் என வழங்குவதை, மூடிவிடலாமா என்று அதிகாரிகள் யோசிக்கும் அளவுக்குக் காய்ச்சல் மிஞ்சிற்று. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தப் புதிய கல்வியை நம்பி வாட்ஸன் சதுப்பு நிலத்துத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வடித்தார். சுற்றிலும் இருந்த காட்டை வெட்டச் செய்தார். 1901-இல் அவ்விரு ஊர்களிலும் காய்ச்சலால் மாண்டோர் 368 பேர்; 1902-இல் 59; 1903-இல் 46. அவர் செய்தது மகத்தான காரியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. துறைமுகத்தில் கப்பலும் சரக்கும் வெள்ளைக்காரர் முதலும் இருந்தன. ஆகவே அங்கே விழுந்த பிணங்களை ஒருவர் எண்ணினார், எண்ணினதைக் கண்டு சர்க்கார் பணம் தந்தது.

தோட்டத்துக் காட்டினுள்ளே கதை வேறு. 1911-இல் ஐக்கிய மலாய் ராஜ்யங்களின் தோட்டங்களில் இருந்த 143,614 தொழிலாளருள் 9,040 பேர் மாண்டனர் என்று கணக்கு உளது. ஆயிரத்துக்கு ஏறக்குறைய அறுபத்து மூன்று பேர்! அதுவும் தோட்டத்துப் புத்தகத்தில் ஏறினவர் கணக்கே. நோயுற்றுக் கணக்குத் தீர்க்கப்பட்டு, வழியிலோ பட்டணத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ உயிர்விட்டவன் எந்தத் தோட்டத்துக் கணக்கில் சேருவான்?

ஆஸ்பத்திரி வைக்கவேண்டுமென்று சட்டம் இல்லாமலில்லை. தொழிலாளருக்கு வைத்தியம் செய்விப்பது முதலாளியின் கடமை என்று தொழிற் சட்டங்கள் கூறின. ஆனால் அச்சட்டத்தின் உள்ளமைப்பைச் சற்று உற்று நோக்குக. ஆஸ்பத்திரி தோட்டத்தினுடையது. பல தோட்டங்களுக்குப் பொதுவான டாக்டர் அவ்வப்போது வந்து போவார். அவருக்குப் பணம் தருவது தோட்டம். எப்போதும் அங்கிருப்பவர் டிரெஸ்ஸர். அவருக்குச் சம்பளம் தருவதும் தோட்டமே. காலைப் பெரட்டில் ஒருவன் தலை சுற்றுகிறது, நடுக்குகிறது என்றால், அவன் நோயாளியா, வேலைக் கள்ளனா என்று தீர்ப்பளிப்பவர் அந்த டிரெஸ்ஸர். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியில்லை. ஆள் குறைந்தால் துரைக்குப் பால் குறையும். துரையின் சம்பளத்தை வாங்குகிறவர் துரைக்கு நட்டமான தீர்ப்பை எத்தனை நாள் சொல்ல இயலும்? டிரெஸ்ஸர்களில் இரக்கமுள்ளவர் பலர் இருந்திருப்பர். குறை ஆளிடத்தில் அன்று, அமைப்பினிடத்தில் இருந்தது.

நோயாளியைக் கேளாமலே அவன் மேல் ஆராய்ச்சி நடந்த காலம் அது. கோலாலம்பூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் 1905-06-இல் டாக்டர் பிளெட்சர் ஒரு சோதனை செய்தார். ஒரு பகுதியாருக்குத் தீட்டிய வெள்ளைச் சயாம் அரிசி; மற்றொரு பகுதியாருக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. வெள்ளையரிசி தின்றவரிடையே பெரி-பெரி நோய் கண்டது, சிலர் இறந்தனர். புழுங்கலரிசி தின்றவரை அது அணுகவில்லை. புழுங்கலரிசிச் சோறுண்ணும் தமிழரை அந்நோய் தொடுவதில்லை என்பதை டாக்டர் பிராட்டன் முன்னமே கவனித்திருந்தார். நம் பாட்டிமார் அண்டாவில் நெல் அவித்தது விஞ்ஞானத்துக்கு உதவிற்று என்று நாம் மார்தட்டிக் கொள்ளலாம். ஆனால் வெள்ளையரிசி வரிசையில் உட்கார்த்தப்பட்டவரிடம் சம்மதம் கேட்டவர் எவருமிலர்.

பார்வையிடுவோர் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொழிலாளர் கட்டுப்பாட்டு அதிகாரி வந்தார். சுகாதார அதிகாரி வந்தார். இந்தியாவில் 1922-இல் இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டத்தின் பின் இந்திய சர்க்காரின் ஏஜெண்ட் ஒருவர் கோலாலம்பூரில் அமர்ந்து, தோட்டந்தோறும் சென்று ஆண்டறிக்கை எழுதினார். 1936-ஆம் ஆண்டின் முடிவில் சீனிவாச சாஸ்திரியாரும் வந்து பார்த்து அறிக்கை தந்தார். வந்தவர் யாவரும் மேலிருந்து வந்தவர். முன்னறிவித்து வருகிறவருக்கு எந்த ஆஸ்பத்திரியும் சுத்தமாகவே காட்சி தரும். தோட்டமோ தனியார் நிலம். நோயாளியின் மாமனோ மைத்துனனோ நிர்வாகத்தின் அனுமதியின்றி உள்ளே கால் வைத்தால் அது அத்துமீறல். கோலாலம்பூரிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எழுதப் படிக்கத் தெரிந்த தமிழர் ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்தனர்; 1924 முதல் 'தமிழ் நேசன்' பத்திரிகையும் இருந்தது. ஆயினும் அந்தப் படித்த உலகத்துக்கும் இருபது மைலுக்கு அப்பாலிருந்த லயத்துக்கும் இடையே கடலினும் பெரிய தூரம்.

அந்தத் தூரத்தைக் குறுக்கினவருள் ஒருவர் ஆர். எச். நாதன். 'தமிழ் நேச'னில் பணிபுரிந்த இவர் கிள்ளான் ஜில்லா இந்தியர் சங்கத்தில் ஈடுபட்டுத் தொழிலாளரிடையே சென்றார். 1941-இல் கிள்ளான் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் மூண்டது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும் என்பது முதற் கோரிக்கை. துரைக்கு முன் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பதும் ஒன்று. அதைத்தான் சரித்திரக்காரர் விரும்பிச் சொல்வர். நான் அப்பட்டியலில் வேறு நான்கைச் சேர்த்துப் படிக்கிறேன். தக்க வைத்திய வசதி வேண்டும். கொடுமை செய்யும் ஊழியரை நீக்கித் தமிழறிந்தவரை அமர்த்தவேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போகவேண்டும். குறை சொன்னவரைப் பழி வாங்கலாகாது.

இந்நான்கையும் தனித்தனியே பார்த்தால் சில்லறைக் கோரிக்கைகள். ஒன்றாய் வைத்துப் பார்த்தாலோ, ஆஸ்பத்திரியைக் குடிமக்களே கண்காணிப்பதற்கு வேண்டிய உறுப்புக்கள் யாவும் அவற்றில் அமைந்துள்ளன. நோயைச் சொல்ல மொழி. நடப்பதைப் பார்க்க வெளியாள். பார்த்ததைச் சொன்னால் வேலை போகாது என்னும் உறுதி. இவற்றை வகுத்தவர் வைத்தியக் கல்லூரிப் பேராசிரியரல்லர்; வாளி தூக்கிப் பால் எடுத்த ஆணும் பெண்ணும்.

கிடைத்த விடை யாது? கூலியில் சில காசு உயர்ந்தது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டுப் பின் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று, பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் படையெடுக்க, கோரிக்கைப் பட்டியல் மறக்கப்பட்டது.

பின் நடந்தவற்றை விரைந்து சொல்லலாம். 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் அமைந்தது. தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர் பதிவு பெற்றிருக்கவேண்டும் என்று 1965-இல் சட்டம் வந்தது. 1985-இல் கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை திறக்கப்பட்டது. மலேசிய அரசாங்க மருத்துவமனைகளுக்கு 'லெம்பாகா பெலாவாட்' எனப்படும் வருகையாளர் குழுவும் உண்டு. ஊர்ப் பொதுமக்களினின்றும் சுகாதார அமைச்சரால் நியமிக்கப்பெறுவோர் அதில் அமர்கின்றனர். நியமனம் பெற்றவர் நோயாளியின் பிரதிநிதியா, நியமித்தவரின் பிரதிநிதியா என்று ஒருவர் கேட்டால் அது குதர்க்கமாகாது. எனினும், உறவினன் உள்ளே வந்தாலே அத்துமீறல் என்றிருந்த நாட்டில், ஊரார் வார்டுக்குள் நுழைந்து பார்ப்பது சட்டமாயிருப்பது சிறிய மாறுதலன்று.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எஞ்சிய எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைப்பவருள் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேபாளியர் மிகுதி. குடிமக்கள் தரும் சிறு கட்டணத்தில் அவர்களுக்கு அங்கே வைத்தியமில்லை. அயல்நாட்டாருக்கு உரிய பெருங் கட்டணமே. டாக்டர் கேட்பது நோயாளிக்கு விளங்காமலும், நோயாளி சொல்வது டாக்டருக்கு விளங்காமலும் கழியும் காலை வேளைகள் கிள்ளானுக்குப் புதியவை அல்ல. வருகையாளர் குழுவில் இவர்கள் மொழியறிந்த ஒருவரும் இருக்கட்டும் என்று கேட்பதற்கு, 1941-இல் தமிழறிந்த ஊழியரைக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளினும் உரிமையுடையார் வேறெவர்?