முதனிகளின் கருவள அறிகுறிகள்

கருவள அறிகுறிகள் என்பவை, குரங்குகளையும் மனிதரையும் உள்ளடக்கிய முதனி வரிசையைச் சேர்ந்த பெண் உயிரினங்களில், கருத்தரிக்கக்கூடிய நாட்களில் தோன்றும் உடல், மணம், நடத்தை மாற்றங்கள் ஆகும். சில இனங்களில் இவை தொலைவிலிருந்தே தெரியும். சிலவற்றில் ஏறத்தாழ மறைந்தே இருக்கும்.

பிட்டப்பகுதி வீக்கம்

சிம்பன்சி, பபூன் முதலியவற்றின் பெண்களில், ஈஸ்ட்ரோஜன் இயக்குநீரின் தூண்டலால் பிறப்புறுப்பைச் சுற்றிய தோல் நீர்கோத்து வீங்கிச் சிவக்கிறது. கருமுட்டை வெளியேறிய பின் வீக்கம் வடிகிறது. வீக்கம் பல நாட்கள் நீடிப்பதால், கருமுட்டை வெளியேறும் நாளை அது துல்லியமாகக் காட்டுவதில்லை. பல ஆண்கள் வாழும் கூட்டங்களைக் கொண்ட இனங்களிலேயே இவ்வீக்கம் மிகுதியாகக் காணப்படுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலைக் குரங்குகள்

விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையம், வன்னியம்பட்டி, திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களுக்கு மேற்கே உள்ள மலைக்காடுகள் 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாயின. 2021இல் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் இணைந்தன. இங்கு வாழும் இரு மக்காக் இனங்கள் மேற்கண்ட பொதுவிதிக்கு மாறானவை.

சிங்கவால் குரங்கின் கூட்டத்தில் பெரும்பாலும் வளர்ந்த ஆண் ஒன்றே இருக்கும். எனினும் பெண்ணின் வாலடிப் பகுதி நன்கு வீங்குகிறது. ஆணை அழைக்கும் தனிக்குரலும் உண்டு. மாறாக, நாட்டுக் குரங்கின் கூட்டத்தில் ஆண்கள் பலர் இருந்தும் பெண்ணிடம் குறிப்பிடத்தக்க வீக்கம் தோன்றுவதில்லை. ஆண் நெருங்கி, முகர்ந்து பார்த்தே அதன் நிலையை அறிகிறது. எனவே, கூட்ட அமைப்பு மட்டுமன்றி, இனத்தின் பரிணாம மரபும் இவ்வறிகுறிகளைத் தீர்மானிக்கிறது எனக் கருதப்படுகிறது.

சாம்பல் மந்தி

அனுமன் மந்தி எனப்படும் சாம்பல் மந்திகளுக்கும் வீக்கம் இல்லை. பெண் தலையை விரைவாக அசைத்து ஆணை அழைக்கிறது. கூட்டத்தைக் கைப்பற்றும் புதிய ஆண் குட்டிகளைக் கொல்வதைச் சுகியாமா 1960களில் தார்வாடுப் பகுதியில் பதிவு செய்தார். இராசத்தானின் அபு மலையில் ஆய்ந்த சாரா ஹர்டி, கருவுற்ற பெண்களும் புணர்ச்சியில் ஈடுபடுவதைச் சுட்டி, தந்தை யார் என்ற ஐயத்தை ஆண்களிடம் ஏற்படுத்திக் குட்டியைக் காக்கும் உத்தியாக இதனை விளக்கினார்.

மனிதர்

பெண்களில் கருமுட்டை வெளியேற்றத்துக்கு வெளிப்படையான அறிகுறி இல்லை. பெண்ணே அதனை உணராதிருக்கலாம். மாதவிடாய்ச் சுழற்சியில் கருத்தரிக்கக்கூடிய காலம் ஏறத்தாழ 6 நாட்களே. ஆனால், உடலுறவு அந்நாட்களுக்குள் அடங்குவதில்லை. இம்மறைவு இணைப்பிணைப்பை வலுப்படுத்தியது என்பது ஒரு கருதுகோள். தந்தைமையை ஐயத்துக்குள்ளாக்கிக் குழந்தையைக் காத்தது என்பது மற்றொன்று. முடிவான விளக்கம் எட்டப்படவில்லை.

பாதுகாப்பு

சிங்கவால் குரங்கு அழியும் ஆபத்திலுள்ள இனமாகும். ஒரு பெண் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு குட்டியே ஈனும். காடு துண்டாகும்போது ஆண்கள் வேறு கூட்டங்களுக்குச் செல்ல இயலாமல், இணை கிடைப்பது அரிதாகிறது. ஆகவே, இனப்பெருக்க நடத்தையை அறிதல் இவ்வினத்தைக் காக்கும் திட்டங்களுக்கு இன்றியமையாதது.