கட்டாயப் பொய்கூறல்

வெளிப்படையான ஆதாயமின்றி நெடுங்காலம் தொடரும் பொய்கூறல். 1891இல் ஜேர்மன் உளமருத்துவர் அன்ரன் டெல்புரூக் விவரித்த இந்நடத்தை இன்றும் தனி நோயாக வகுக்கப்படவில்லை. சமூகவிரோத ஆளுமைக் கோளாற்றின் அறிகுறிகளுள் ஏமாற்றும் இயல்பும் ஒன்று. பொய்யை மட்டும் வைத்துக் கோளாறென்று தீர்மானிக்க முடியாது.

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் இந்த எச்சரிக்கை மிக அவசியம். போர்க்காலத்தில் கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பெற்றோர் பிள்ளைகளை ஒளித்துவைத்தனர். அதைத் தவிர்க்க அவசரத் திருமணங்களும் நடந்தன. இத்தகைய அச்சத்தில் சொன்ன பொய்யை ஆளுமைக் குறையாகக் கொள்வது அநீதி. வடபகுதிச் சமூகங்களில் போர் விதைத்த அவநம்பிக்கையையும் மௌனத்தையும் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் கூட்டு மனவடுவின் விளைவுகளாகவே விளக்கினார். வன்னி பற்றிய அவரது ஆய்வு 2010இல் வெளியானது. பேரழிவுக்குப் பின் நிலைத்துவிடும் ஆளுமை மாற்றத்தை, ஆளுமைக் கோளாற்றிலிருந்து பிரித்தே உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாடு குறித்தது.