'தரம்' என்ற சொல்லும் அறிவியல் புத்தகமும்

2011 ஜூனில் தமிழ்நாட்டில் பள்ளிகள் திறந்தபோது பெரும்பாலான வகுப்புகளில் பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. ஏதோ பத்து நாள் தாமதம் என்று நினைக்க வேண்டாம். ஆகஸ்ட் வரை அதே நிலைதான். அச்சடித்த சமச்சீர் புத்தகங்களோ கிடங்குகளில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. இன்று கல்லூரியில் இருக்கும் தோழர்கள் பலர் அப்போது சின்னப் பிள்ளைகள் என்பதால் இந்தக் கதையை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்பு இங்கே நான்கு வாரியங்கள் இருந்தன: மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல். பத்தாம் வகுப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளை 500 மதிப்பெண்ணுக்கு எழுதும். மெட்ரிக் பிள்ளை 1100-க்கு எழுதும். ஒரே ஊர், ஒரே வயது, இரண்டு அறிவியல். எந்த அறிவியல் யாருக்கு என்பதைக் கட்டணம் தீர்மானித்தது. கட்டணம் கட்டும் சக்தி யாரிடம் இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2006-இல் பாரதிதாசன் பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் முத்துக்குமரன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2010-இல் சட்டம் வந்தது, அந்த ஆண்டே ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் புத்தகமும் வந்தது. மறு ஆண்டு மற்ற வகுப்புகளுக்கு வர வேண்டிய நேரத்தில் ஆட்சி மாறியது. புதிய அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்து நிறுத்தப் பார்த்தது. சொன்ன காரணம்: புத்தகம் தரமாக இல்லை. தனியார் பள்ளி நிர்வாகங்கள் ஏற்கெனவே நீதிமன்றத்தில் சொல்லிவந்ததும் அதே 'தரம்'தான். ஜூலை 18 அன்று உயர் நீதிமன்றம் திருத்தத்தை ரத்து செய்தது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பத்து நாளுக்குள் நடைமுறைப்படுத்தச் சொன்னது. புத்தகம் வந்தது, முந்தைய ஆட்சியை நினைவூட்டும் பக்கங்களின் மேல் காகிதம் ஒட்டி. (அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான் பிள்ளைகளுக்கு முதல் செய்முறைப் பயிற்சி என்று நாங்கள் கேலி பேசுவதுண்டு.)

அந்தப் புத்தகத்தில் குறையே இல்லை என்று நாங்கள் வாதாடவில்லை. குறை இருந்தால் திருத்தலாம். ஆனால் சேரிப் பிள்ளையும் காரில் வந்து இறங்கும் பிள்ளையும் ஒரே பாடத்தைப் படித்து, ஒரே தாளை எழுதுவது என்ற நிலை வந்ததும்தான் தரத்தைப் பற்றிய கவலை இவ்வளவு பேருக்கு வந்தது. சமூகவியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தீட்டு என்று வெளிப்படையாகச் சொல்ல முடியாத இடங்களில் தரம் என்று சொல்வார்கள்.

சமச்சீர் அறிவியல் கொண்டுவந்த பெரிய மாற்றம் பத்தாம் வகுப்பில் 25 மதிப்பெண்ணுக்குச் செய்முறைத் தேர்வு. காகிதத்தில் பார்த்தால் புரட்சி. நாங்கள் மாலை நேர வகுப்பு நடத்தும் பகுதிகளில் பிள்ளைகளைக் கேட்டால் வேறு கதை வரும். ஆய்வக அறைக்குப் பூட்டு, சாவி யாரிடம் என்று தெரியாது. தேர்வுக்கு முந்தைய வாரம் திறப்பார்கள், பியூரெட்டை ஆசிரியர் பிடிப்பார், பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். மதிப்பெண் மட்டும் எல்லோருக்கும் வந்துவிடும். நல்ல பாடநூலை ஏற்பது என்றால் ஆய்வகம், அந்தப் பாடத்துக்கான ஆசிரியர், வாரத்தில் அதற்கான மணிநேரம் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்பது. அரசு அதில் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. பட்டியலினப் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு இது இன்னும் பொருந்தும். பிரிட்டிஷ் காலத்துத் தொழிலாளர் துறைப் பள்ளிகளிலிருந்து வரும் மரபு அது. இன்றும் ஆசிரியர் காலியிடமே அங்கே முதல் புகார்.

இன்னொரு பக்கம், மேல்நிலை வகுப்புகளைச் சமச்சீர் தொடவே இல்லை. 11, 12 பாடநூல்கள் பத்தாண்டுக்கு மேல் மாறாமல் கிடந்தன. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் 11-ஆம் வகுப்புப் பாடத்தை அப்படியே ஒதுக்கிவிட்டு, 12-ஆம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு ஆண்டுகள் மனப்பாடம் செய்யவைத்து மாநில முதலிடம் வாங்கின. விசை, வெப்பவியல் எல்லாம் 11-இல் இருக்கின்றன. அது யாருக்கும் உறுத்தவில்லை. 2017-இல் நீட் வந்தது. அதன் கேள்விகளில் ஏறக்குறைய பாதி 11-ஆம் வகுப்புப் பாடம். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், மாநிலத் தேர்வில் 1200-க்கு 1176 எடுத்தவர். மருத்துவ கட்-ஆஃப் 196.75. உச்ச நீதிமன்றம்வரை போய் வாதாடினார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அரசு சொன்னதையெல்லாம் சொன்னபடி படித்த பெண் அவர். ஆட்டத்தின் விதியை நடுவில் மாற்றியவர்கள் அவருடைய தரத்தைப் பற்றிப் பேசினார்கள்.

அதே 2017-இல் அனந்தகிருஷ்ணன் தலைமையில் பாடத்திட்டக் குழு அமைந்தது. 2018-இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய புத்தகங்கள் வந்தன. விரைவுக் குறியீடு, வண்ணப்படம், நேர்த்தியான அறிவியல் பகுதிகள். உண்மையிலேயே நல்ல புத்தகங்கள். 11-ஐ யாரும் தாண்டிவிடக் கூடாது என்று அந்த வகுப்புக்கும் 2018 மார்ச்சில் பொதுத்தேர்வு வைத்தார்கள். புத்தகம் கனத்தது, பிள்ளைகள் திணறினார்கள். கனத்த புத்தகத்தை நடத்த முதுகலை ஆசிரியர் வேண்டும் என்று நாம் கேட்டிருக்க வேண்டிய நேரத்தில், பாடத்தைக் குறை என்ற குரல்தான் ஓங்கியது.

2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்த 11-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கிவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது, மகிழ்ச்சி. ஆனால் தேர்வு இல்லாத ஆண்டில் எந்தப் பள்ளி 11-ஆம் வகுப்பு இயற்பியலை முழுதாக நடத்துகிறது, எந்தப் பள்ளி ஜூலையிலேயே 12-ஆம் வகுப்புப் புத்தகத்தைப் பிரிக்கிறது என்று உங்கள் ஊரில் விசாரியுங்கள் தோழர்களே. பிள்ளைகளிடமே கேளுங்கள். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.