சுரங்க நாட்டில் எஞ்சிய சின்னங்கள்

வரலாற்றுச் சின்னம் என்றதும் நம் உள்ளத்தில் எழுவன கோயிலும் கோட்டையும் அரண்மனையுமே ஆகும். மன்னர் எடுப்பித்தவை நின்றன. அவற்றை நாம் போற்றுகிறோம். அது முறையே. ஆயின், உழைப்பாளர் கட்டிய சூளையும், சரக்குக் கொட்டகையும், கணக்கர் எழுதிய பேரேடும் வரலாறு ஆகுமா? ஆகும் என்பதற்கு அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூர் மாவட்டம் சான்று பகர்கின்றது. இருப்புப்பாதைத் துறையில் எழுத்தராய்ப் பணியாற்றும் எம்மனோர்க்கு அதன் கதை தனிச்சுவை உடையது. அதனைச் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நெவாடா மாநிலத்தின் கிழக்கு எல்லையில் அமைந்தது ஒயிட் பைன் கவுண்டி. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் போன்றது. இதன் பரப்பு ஏறத்தாழ 8,900 சதுர மைல். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் ஏறத்தாழ 9,000 பேர். சதுர மைலுக்கு ஒருவர் என்று கொள்ளலாம். மலைத்தொடர்களும் அவற்றிடையே வறண்ட பள்ளத்தாக்குகளும் மாறி மாறிக் கிடக்கும் நிலம் இது. ஷோஷோனி, கோஷூட் என்னும் தொல்குடி மக்களின் தாயகம். 1860 ஏப்ரல் முதல் 1861 அக்டோபர் வரை நடைபெற்ற புகழ்பெற்ற குதிரைத் தபால் இவ்வழியே சென்றது. தந்திக் கம்பி நாட்டின் இரு கரைகளையும் இணைத்ததும் குதிரையின் வேலை முடிந்தது.

எரிந்த ஊர்

1868-ஆம் ஆண்டில் இங்குள்ள 'செல்வக் குன்று' என்னும் மலையில் வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. செய்தி பரவியதும் மக்கள் ஈசல்போல் வந்து குவிந்தனர். மறு ஆண்டே, 1869-இல், தனிக் கவுண்டி பிரிக்கப்பட்டு, மலையடியிலிருந்த ஹாமில்டன் தலைநகரம் ஆயிற்று. 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவ்வூரில் ஏறத்தாழ 4,000 பேர் இருந்தனர். ஆனால் வெள்ளி நிலத்தின் மேற்பரப்பில் மட்டுமே செறிந்திருந்தது. ஆழத் தோண்டியவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். சில ஆண்டுகளுக்குள் ஊர் வற்றத் தொடங்கிற்று.

1873-இல் வணிகர் ஒருவர் காப்புறுதிப் பணத்தை விரும்பித் தம் கடைக்குத் தாமே தீ வைத்தார். தீ அவர் கடையோடு நிற்கவில்லை. ஊரின் பெரும்பகுதியை விழுங்கிற்று. எஞ்சியிருந்த நீதிமன்றக் கட்டடமும் அதிலிருந்த ஆவணங்களும் 1885-ஆம் ஆண்டுத் தீயில் சாம்பலாயின. 1887-இல் தலைமையிடம் ஈலி என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. இன்று ஹாமில்டனில் நிற்பவை சில சிதைந்த சுவர்களே. சுவர் இடிந்ததைக் காட்டிலும் ஏடு எரிந்தது பேரிழப்பு என்பது எம் கருத்து. அங்கு நிலம் வாங்கியவர் யார், வழக்குத் தொடுத்தவர் யார் என்பதை அச்சுவர்கள் சொல்லா.

ஆறு சூளைகள்

ஈலிக்குத் தெற்கே வார்டு என்னும் மற்றொரு வெள்ளிச் சுரங்க ஊர் இருந்தது. அங்கு 1872-இல் தாதுப் பொருள் கண்டறியப்பட்டது. தாதுவை உருக்க மிகுந்த வெப்பம் வேண்டும். அதற்கு விறகு போதாது, கரி வேண்டும். ஆகவே 1876-ஆம் ஆண்டில் ஆறு கரிச் சூளைகளைக் கல்லாற் கட்டினர். தேனீக் கூடு போலக் குவிந்த வடிவம். உயரம் 30 அடி. அடிப்பகுதியின் குறுக்களவு 27 அடி. கட்டியவர்கள் இத்தொழிலிற் கைதேர்ந்த இத்தாலியக் கொத்தர்கள்.

ஒரு சூளையுள் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 4,500 கன அடி விறகை அடுக்குவர். கீழ்வாயில் வழியாகவும், பின்புறம் உயரத்திலுள்ள சாளரம் வழியாகவும் அடுக்கி, தீ மூட்டி, இரும்புக் கதவால் அடைத்துவிடுவர். சுவரின் அடியில் வரிசையாக அமைந்த துளைகளைத் திறந்தும் மூடியும் காற்றை அளவோடு விடுவர். காற்று மிகுந்தால் விறகு சாம்பலாகும். குறைந்தால் தீ அணையும். புகையின் நிறத்தைக் கண்டே உள்ளிருப்பதன் பக்குவத்தை அறிவார்களாம். பல நாள் புகைந்த பின்னரே கரி கிடைக்கும்.

இச்சூளைகள் 1879 வரையே எரிந்தன. தாதுவும் குறைந்தது, சுற்றிலும் பல மைல் தொலைவுக்கு மரமும் தீர்ந்தது. வெட்டுண்ட மரங்களில் முதன்மையானது பின்யான் என்னும் ஊசியிலை மரம். அதன் கொட்டையே ஷோஷோனி மக்கள் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த உணவு. உலைக்கு இரையானது அவர்களது களஞ்சியம் அன்றோ! இவ்வாறு, கட்டிய கையின் திறமையையும் இழந்தவரின் பசியையும் ஒருங்கே சொல்லி அச்சூளைகள் ஆறும் இன்றும் நிற்கின்றன. 1971-இல் அவை தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் ஏறின.

செம்பு கொண்டு வந்த பாதை

வெள்ளி தீர்ந்த நாட்டில் செம்பு வாழ்வளித்தது. ஈலியை அடுத்த மலையில் செம்புத் தாது மிகுதியாக இருந்தது. ஆனால் தரம் குறைவு. மலை மலையாக வெட்டி எடுத்தால்தான் ஆதாயம். அதற்கு இருப்புப்பாதை இன்றியமையாதது. மார்க் ரெக்வா என்பார் முயன்று, வடக்கே சென்ற பெரும்பாதையிலுள்ள கோப்ரி நிலையத்திலிருந்து ஏறத்தாழ 140 மைல் நீளப் பாதையை 1905-இல் தொடங்கி, 1906 செப்டம்பரில் ஈலிக்குக் கொண்டு சேர்த்தார். 'கோப்ரி' என்பது ஸ்பானிய மொழியிற் செம்பைக் குறிக்கும். இதுவே நெவாடா நார்தர்ன் இரயில்வே. 1908 முதல் மக்கில் என்னும் ஊரிலிருந்த உருக்காலைக்கு இப்பாதை வழியே தாது சென்றது.

அந்த ஆலைக்கு உழைக்க வந்தவர்கள் கிரேக்கர், ஸ்லாவியர், இத்தாலியர், ஜப்பானியர் எனப் பல நாட்டார். கம்பெனி ஊரில் அவரவர்க்குத் தனித்தனிக் குடியிருப்பு. மேலதிகாரிகளுக்கு வேறு வீதி. பிழைப்பு நாடிப் பிற மொழி வழங்கும் ஊரிற் குடியேறிய நமக்கு அவர்கள் நிலை விளங்காததன்று.

1941-இல் பயணிகள் வண்டி நின்றது. 1978-இல் சுரங்கமும், 1983-இல் உருக்காலையும் மூடப்பட்டன, இருப்புப்பாதையும் ஓய்ந்தது. இத்தகைய வேளையில் வழக்கமாக நடப்பது என்ன? தண்டவாளம் பழைய இரும்பாகும், இஞ்சின் உடைபடும், காகிதம் குப்பையாகும். இங்கு அவ்வாறு நிகழவில்லை. ஊர் மக்கள் முன்வந்தனர். கம்பெனியும் கொடையாக வழங்கிற்று. 1907-இல் எழுந்த கிழக்கு ஈலி நிலையக் கட்டடம், இஞ்சின் கொட்டகை, பணிமனை, சரக்குக் கொட்டகை ஆகியவை பெரும்பாலும் இருந்தபடியே காக்கப்பட்டன. 1909, 1910-ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்ட 93, 40 எண்ணுள்ள நீராவி இஞ்சின்கள் அப்பாதைக்கே வந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே நிற்கின்றன. 2006-இல் அவ்வளாகம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

எம் நெஞ்சைக் கவர்ந்தது இஞ்சின் மட்டுமன்று. அந்நிலைய அலுவலகத்தின் பழைய காகிதங்களும் பிழைத்தன. சம்பளப் பட்டியல், சரக்குக் கணக்கு, கடிதக் கோப்பு ஆகியவற்றை அன்றாடக் கடமையாக எழுதிய எழுத்தர்கள், வரலாறு எழுதுகிறோம் என்று எண்ணியிரார். ஆயினும் இஞ்சின் எத்துணை வலிமையுடையது என்பதை இரும்பு சொல்லும். அதை ஓட்டியவன் பெயரையும் அவன் பெற்ற ஊதியத்தையும் ஏடே சொல்லும்.

நாம் கொள்ளத்தக்கது

அமெரிக்கர் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அப்பதிவேட்டை ஏற்படுத்தினர். ஐம்பது ஆண்டு கடந்தவை பொதுவாக அதில் இடம்பெறத் தகுதியுடையன. நம் நாட்டின் 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டமோ நூறு ஆண்டு கேட்கிறது. ஆயிரமாண்டுக் கோயில்கள் நிறைந்த நாட்டுக்கு அது பொருந்தும். ஆனால் தொழிற்சாலையும் பணிமனையும் நூறாண்டு காத்திருப்பதில்லை. மூடிய மறுநாளே ஏலத்துக்கு வந்துவிடுகின்றன. அரசு ஆணைக்குக் காத்திராமல் ஊரார் கைகொடுத்தமையாலேயே ஈலியில் இவை தப்பின.

நம் சங்கத்துக்குக் கல்வெட்டும் கோபுரமும் இல்லை. நம் முன்னோர் ஊர்விட்டு ஊர் வந்து, வாடகை அறையிற் கூடி, பாயில் அமர்ந்து எழுதிய நடவடிக்கைக் குறிப்பேடுகளும், சந்தாப் பட்டியல்களும், ஆண்டு மலர்களுமே நம் சின்னங்கள். அவை யாருடைய வீட்டுப் பரணில் எந்தப் பெட்டியிற் கிடந்தாலும், கரையானுக்கு இரையாகுமுன் எடுத்துச் சேர்த்து, பட்டியலிட்டு, ஓர் அலமாரியிற் பூட்டி வைத்தல் வேண்டும். பணச் செலவு சிறிதே, வேண்டுவது மனம். ஹாமில்டனின் ஏடுகள் எரிந்தன. ஈலியின் ஏடுகள் எஞ்சின. நம் ஏடுகளின் கதி நம் கையில் உள்ளது.